அரைப்பேரும் அரை ரொட்டியும்

"கடந்த ஏழு நாட்களில், போதிய உணவு இல்லாத காரணத்தால் சாப்பாட்டின் அளவைக் குறைத்துக்கொண்ட நாட்கள் எத்தனை?"

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில் நின்று இந்தக் கேள்வியை நான் வாசித்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மண் சரிந்த பாதைகளில் கற்களும் வேர்களும் இன்னும் குவிந்து கிடந்தன. நிவாரணத் தேவைகளை மதிப்பிட வந்த குழுவொன்றுக்குத் தமிழ் பேசத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. மாத்தளைக்காரன், தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் நானும் போயிருந்தேன்.

காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"அப்புடி ஒண்ணும் இல்ல தம்பி. எப்பவும் போலத்தான்."

படிவத்தில் பூச்சியம் என்று எழுதினேன். அடுத்த கேள்விக்கும் பூச்சியம். அதற்கு அடுத்ததற்கும் அதுவே.

படிவம் முடிந்த பிறகு தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். உள்ளே அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ஆறு ரொட்டி. வேலைக்குப் போகும் மகனுக்கு இரண்டு, கணவனுக்கு இரண்டு, பள்ளிக்கூடம் போகும் பேத்திக்கு ஒன்று. மிச்சம் ஒன்று. அதைப் பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியைப் பேத்தியின் தட்டில் வைத்தார்.

"ஒங்களுக்கு அரைதானாக்கா?"

"பேரு விழுந்தா ஒண்ணு திம்பேன். இப்ப ரோடு ஒடஞ்சு வேலையில்ல. அரைப்பேருக்கு அரை ரொட்டி" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் பையிலிருந்த படிவத்தை நினைத்துக்கொண்டேன். அதில் அவர் சாப்பாட்டின் அளவைக் குறைக்காதவர். அவர் சொன்னது பொய்யில்லை. நான் எழுதியதும் பொய்யில்லை. ஆனால் அந்தப் படிவம் கொழும்புக்குப் போய்ச் சேரும்போது, அந்த வீட்டில் பசி இல்லை என்பதாகவே வாசிக்கப்படும்.

ஐந்து கேள்விகள்

அந்தக் கேள்வி எங்கள் குழு கண்டுபிடித்ததல்ல. உலக உணவுத் திட்டமும் பல தொண்டு நிறுவனங்களும் உலகெங்கும் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் அது. ஐந்து விடயங்களைக் கேட்பார்கள். விருப்பம் குறைந்த, மலிவான உணவைச் சாப்பிட்டீர்களா? உணவைக் கடனாகவோ மற்றவர் உதவியாகவோ பெற்றீர்களா? சாப்பாட்டு வேளைகளைக் குறைத்தீர்களா? சாப்பாட்டின் அளவைக் குறைத்தீர்களா? பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் தங்கள் சாப்பாட்டைக் குறைத்தீர்களா? கடைசிக் கேள்விக்கு மூன்று மடங்கு புள்ளி. கடன் வாங்குவதற்கு இரண்டு மடங்கு. மற்றவற்றுக்கு ஒன்று.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கும் இது பொருத்தமான கருவிதான். போன மாதம் மூன்று வேளை சாப்பிட்ட குடும்பம் இந்த வாரம் இரண்டு வேளை சாப்பிட்டால், அந்த வீழ்ச்சியை இது உடனே காட்டிவிடும். 2022இல் இலங்கை முழுவதும் அப்படியொரு வீழ்ச்சி நடந்தது. அந்த ஆண்டு உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் செய்த மதிப்பீட்டில் 63 இலட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 28 சதவீதத்தினர், உணவுப் பாதுகாப்பு அற்றவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அது 39 இலட்சமாக, 17 சதவீதமாகக் குறைந்தது. நாடு மீண்டுவருகிறது என்று சொல்ல இந்த எண்கள் உதவின. இரண்டு மதிப்பீடுகளும் பெருந்தோட்ட மக்களே மிக மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னதை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

என் கவலை அந்த எண்களுக்குள் வராதவர்களைப் பற்றியது. "குறைத்தீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல, முன்பு ஒரு காலத்தில் அதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அம்மா அரை ரொட்டி சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்து, தானும் அரை ரொட்டி சாப்பிட்டு, மருமகளுக்கும் அதையே பழக்கும் ஒரு பெண்ணுக்கு அது குறைப்பு அல்ல. அது அளவு. அவரிடம் குறைத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

வேறு வகையில் அளந்தால் வேறு படம் வருகிறது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். இது நெருக்கடிக்கு ஆறு ஆண்டுகள் முந்திய கணக்கு. டொலர் இருந்தது, எரிவாயு இருந்தது, கடைகளில் எல்லாம் இருந்தது. அப்போதே மூன்றில் ஒரு பிள்ளை வளரவில்லை. ஒரு வாரத்துக் குறைப்பினால் ஒரு பிள்ளை குட்டையாவதில்லை. தாயின் வயிற்றில் இருந்த காலம் தொட்டு ஆண்டுக்கணக்காகக் குறைந்த தட்டுதான் அப்படிச் செய்யும்.

தட்டைத் தீர்மானிக்கும் தராசு

தோட்டத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு "பேர்" என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பிரட்டில் பெயர் பதிந்து, அன்றைக்குத் தோட்டம் கேட்கும் கிலோ அளவுக்குக் கொழுந்து கொடுத்தால் ஒரு முழுப்பேர். அந்த அளவுக்குக் கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர், அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு. மழை கூடினாலும் வெயில் கூடினாலும் கொழுந்து குறையும். புல் வெட்டாத, உரம் போடாத மலையில் எவ்வளவு ஓடினாலும் கிலோ வராது. மலையைப் பராமரிக்காதது நிர்வாகம். அரைப்பேர் வாங்குவது தொழிலாளி.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது மலையகத்தில் வெடி கொளுத்தினார்கள். பல தோட்டங்களில் கேட்கும் கிலோ கூடியது, கொடுக்கும் வேலைநாள் குறைந்தது. 2024இல் 1,700 ரூபா என்ற அறிவிப்பு நீதிமன்றம் வரை போய், செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்து, மொத்தம் 1,750 தருவதாக அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய விடயம்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். இருவருக்கும் மாதத்தில் 20 நாள் முழுப்பேர் விழுகிறது. இது நல்ல மாதம். 1,750 வீதம் 70,000 ரூபா. சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம், கோயில் பணம் எல்லாம் இதில் கழியும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு, 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஒரு ஆளுக்கு 16,000 ரூபாவுக்கு மேலேயே இருந்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 80,000 ரூபா. ஆக, நல்ல மாதத்திலும், கழிவு எதுவும் இல்லாமலும், புதிய சம்பளத்திலும், அந்த வீடு வறுமைக்கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையின் வறுமை 33.8 சதவீதம் என்று வந்தது இதனால்தான்.

பிள்ளையின் கொப்பி, பஸ் காசு, மருந்து ஆகியவற்றைச் சிறிதாக்க முடியாது. வீட்டில் சிறிதாக்கக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. அது தட்டு. அந்தத் தட்டிலும் முதலில் சிறிதாவது, மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுப்பவரின் தட்டு.

ஏன் ரொட்டி?

"தோட்டத்து ஆட்களுக்குச் சாப்பிடத் தெரியாது, மாவையே தின்கிறார்கள்" என்று நகரத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சத்துணவு வகுப்பு எடுக்க வருபவர்களும் அதையே மரியாதையான சொற்களில் சொல்வார்கள். தட்டில் பாதி மரக்கறி இருக்க வேண்டும், கால்வாசி புரதம் இருக்க வேண்டும் என்று படம் காட்டுவார்கள்.

ரொட்டி ஒரு ருசியால் வந்த பழக்கமல்ல. ஆரம்ப காலத்தில் தோட்டங்கள் தொழிலாளருக்கு அரிசியைக் கொடுத்து, சம்பளத்தில் கழித்தன. இரண்டாம் உலகப்போரில் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தில் கோதுமை மா நுழைந்தது. பிறகு அது போகவில்லை. போகாததற்குக் காரணம் நேரம். விடிவதற்கு முன் எழுந்து, பிள்ளைகளை எழுப்பி, தண்ணீர் பிடித்து, பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்க நேரமில்லை. ரொட்டிக்கு ஒரு சம்பல் போதும். தாளில் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். ஒரு கையால் சாப்பிடலாம். பகல் நிறுவை முடிந்து, பிள்ளை மடுவத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து, மறுபடி மலைக்கு ஏறும் அந்தச் சிறிய இடைவெளியில் வேறு எதைச் சாப்பிடுவது?

அளவு என்றதும் குறைந்த சாப்பாட்டை மட்டும் நினைத்துவிடக் கூடாது. இரவுச் சாப்பாட்டில் சோறு மலைபோல இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கரண்டி பருப்பு, அல்லது கருவாட்டுத் துண்டு ஒன்று, அல்லது உருளைக்கிழங்குக் குழம்பு. வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. வெறும் தேத்தண்ணிக்குச் சீனி கூடுகிறது, ஏனென்றால் சீனி பசியை அடக்கும் மலிவான வழி. இளம் பெண்களுக்கு இரத்தச்சோகை, நாற்பது தாண்டியவர்களுக்கு நீரிழிவு என்று ஒரே லயத்தில் இரண்டு நோயையும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே தட்டிலிருந்து வருபவை.

தேங்காய் விலை ஏறினால் ரொட்டியின் உருவமே மாறும். 2024 இறுதியிலிருந்து தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டி விற்ற மாதங்களில், தேங்காய்ப்பூ போடாத ரொட்டியைப் பல வீடுகளில் கண்டேன். சூடாக இருக்கும்போது சாப்பிடலாம். மலைக்குக் கொண்டு போனால் பகலுக்குள் தோலாகிவிடும். சம்பல் இல்லாத இடத்தில் பச்சை மிளகாயும் உப்பும். ரொட்டியின் எண்ணிக்கை குறையவில்லை, ஆகவே எந்தப் படிவத்திலும் இது "அளவுக் குறைப்பு" என்று வராது.

நூறு கிராம்

அரசாங்கம் தோட்டத் தொழிலாளியின் தட்டை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு 2022 ஜனவரி நல்ல உதாரணம். அப்போதைய நிதியமைச்சர் நிவாரணப் பொதி ஒன்றை அறிவித்தார். அரச ஊழியருக்கு மாதம் 5,000 ரூபா. தோட்டக் குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா வீதம். ஒரு தரப்புக்குக் காசு, எங்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் மா.

15 கிலோவை 30 நாளால் பிரித்தால் நாளொன்றுக்கு 500 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 100 கிராம். 100 கிராம் மாவில் ஏறத்தாழ 350 கிலோ கலோரி இருக்கிறது. 2004இல் வறுமைக்கோட்டை வரைந்தபோது ஒரு ஆளின் நாளாந்தத் தேவை 2,030 கிலோ கலோரி என்று இதே அரசு கணக்கிட்டிருந்தது. அதில் ஆறில் ஒரு பங்கு இது. முழுச் சாப்பாட்டையும் தருவதாக அவர்கள் சொல்லவில்லை என்பது உண்மைதான். நான் சுட்டிக்காட்டுவது வேறு. நாட்டில் மற்ற எல்லோருக்கும் நிவாரணம் என்றால் காசைப் பற்றி யோசித்தவர்கள், தோட்டம் என்றதும் மாவைப் பற்றி யோசித்தார்கள். இந்த மக்கள் எதைச் சாப்பிடுவார்கள், எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்ட விடயம் என்பதுபோல.

அதே ஆண்டு செப்டெம்பர் அளவில் சந்தையில் மா கிலோ 400 ரூபாவைத் தொட்டது. தோட்டங்களில் மரவள்ளியும் ஈரப்பலாக்காயும் பலாக்காயும்தான் பல உயிர்களைக் காப்பாற்றின. மாத்தளை தாழ்ந்த மலை. பலா நன்றாகக் காய்க்கும் மண். நுவரெலியாவின் உயரமான தோட்டங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இருக்கவில்லை.

ஏ9 வீதியின் இரண்டு முனைகள்

இதை வாசிக்கும் உங்களில் பலர் வடக்கில் அல்லது கிழக்கில், அல்லது அங்கிருந்து போன நாடுகளில் இருப்பீர்கள். உங்களுக்கு அளவு என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியைக் கையில் வைத்து நக்கித் தேத்தண்ணி குடித்தவர்கள் நீங்கள். நிவாரண அட்டைக்குக் கிடைத்த அரிசியையும் மாவையும் பருப்பையும் ஆள் கணக்குப் பார்த்துப் பிரித்தவர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி ஊருக்குக் கொடுத்து, அந்தப் பசியை மறக்க விடாமல் வைத்திருக்கிறீர்கள்.

மலையகத்துக்கும் அப்படியொரு காலம் இருந்தது. அதற்கு நினைவு நாள் கிடையாது. 1973, 74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலை ஏறி, அந்நியச் செலாவணி இல்லாமல், அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகவும் கட்டுப்பாடு. கிராமத்தில் நிலம் உள்ளவர்களிடம் மரவள்ளி நடச் சொன்னார்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு எந்த நிலத்தில் நடுவது? தோட்டங்களில் இறப்பு விகிதம் வெகுவாக ஏறியது. என் அம்மம்மா அந்தக் காலத்தைப் "பஞ்சம்" என்று மட்டும் சொல்வார். மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்ததையும், பக்கத்து லயத்தில் செத்துப்போன குழந்தைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அதே ஆண்டுகளில் இறக்குமதித் தடையால் வடக்கின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் நல்ல விலை கண்டார்கள் என்பதும் வரலாறு. வேலை தேடி, சோறு தேடி மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போகத் தொடங்கினார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு இன்னும் பெருந்தொகையானோர் போனார்கள். 1983 ஜூலையில் மாத்தளை எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. என் அம்மாவின் தம்பி குடும்பமும் வன்னிக்குப் போனது அப்படித்தான். காணி இல்லாத கூலிகளாகப் போன இவர்களில் பலர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் கஞ்சி வரிசையிலும் நின்றார்கள். ஒரே குடும்பம் 1974இன் பசியையும் 2009இன் பசியையும் பார்த்த கதை வன்னியில் ஒன்றிரண்டல்ல.

2023இல் மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 முடிந்த அந்த நடையில், வழியெங்கும் வடக்கு மக்கள் தண்ணீரும் சாப்பாடும் தந்தார்கள். முன்னோர் நடந்த அந்தப் பாதையில் பசியாலும் நோயாலும் விழுந்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. அவர்களின் வாரிசுகளுக்கு அந்தப் பாதையில் சோறு கிடைத்தது சிறிய விடயமல்ல.

சந்தை பக்கத்தில், மரக்கறி தூரத்தில்

மாத்தளை மாவட்டத்தைப் பற்றி ஒரு விசித்திரம் உண்டு. நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தையான தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் இந்த மாவட்டத்தில்தான் 1999 முதல் இயங்குகிறது. கிளிநொச்சிப் பூசணியும் யாழ்ப்பாண வெங்காயமும் ஏ9 வழியாக வந்து இங்கே கொட்டுகின்றன. நுவரெலியாக் கரட்டும் கோவாவும் மறுபக்கத்திலிருந்து வருகின்றன. விலை விழுந்த நாட்களில் மரக்கறியை மூட்டையோடு வீசிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சந்தையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் லயத்துக் கடையில், வதங்கிய கத்தரிக்காய் நூறு கிராமாக நிறுத்து விற்கப்படுகிறது. சந்தைக்கும் லயத்துக்கும் இடையில் இடைத்தரகர், லொறிக் கூலி, உடைந்த பாதை, கடைக்காரரின் கடன் கொப்பி. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் வீட்டிலேயே பயிரிடலாமே என்று கேட்பீர்கள். கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் வீடுகளைப் பாருங்கள். ஒரு பலா, ஒரு முருங்கை, நாலு வாழை, வேலியில் மிளகுக்கொடி. மாத்தளையின் வீட்டுத்தோட்டங்கள் வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போனவை. சம்பளம் குறைந்த வாரத்தில் அந்த முருங்கை ஒரு கறியைத் தரும். லயத்து வாசலில் ஆறடி நிலம்தான். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். 2023 ஆகஸ்டில் எல்கடுவப் பக்கம் ரத்வத்தைத் தோட்டத்தில், தொழிலாளி குடும்பம் ஒன்று போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி உடைத்த காணொளியை நாடே பார்த்தது. தங்குவதற்குத் தகரம் போடவே உரிமை இல்லாதவர்களிடம் கீரைப்பாத்தி போடச் சொல்வது என்ன நியாயம்?

வீட்டுத்திட்டத்தில் 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி கிடைத்தவர்களின் நிலை சற்று மேல். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கீரையும் மிளகாயும் கண்டிருக்கிறேன். குரங்கும் பன்றியும் விட்டுவைத்தால் சாப்பிடலாம். 2025 மார்ச் 15 காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டுத்தோட்டங்களுக்கு வரும் குரங்குகளையும் மயில்களையும் நாடு முழுவதும் எண்ணினார்கள். பயிருக்காக அப்படியொரு கணக்கெடுப்பு தேவைதான். அந்த நாளில் லயத்தில் இருந்தவர்களுக்கு எண்ணுவதற்குத் தோட்டமே இருக்கவில்லை.

நாமும் பேச வேண்டியவை

எல்லாப் பழியையும் வெளியே போட்டுவிட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும் காசைப் பற்றியும் பேச வேண்டும். தீபாவளி முற்பணத்தில் வாங்கிய தொலைக்காட்சிக்கு ஆறு மாதம் தவணை கட்டுவதைப் பற்றியும் பேச வேண்டும். குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாகப் பிஸ்கட்டும் சோடாவும் வாங்கிக் கொடுப்பதைப் பற்றியும் பேச வேண்டும். அதைவிட முக்கியமாக, வீட்டில் பெண் கடைசியில் சாப்பிடுவதை நாம் பண்பாடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பகல் முழுவதும் முதுகில் கூடை சுமந்து மலை ஏறி இறங்கியவர் அவர். அந்த வீட்டில் அதிகம் சாப்பிட வேண்டியவரும் அவர்தான். ஆனால் கறிச்சட்டியை வழித்துச் சாப்பிடுவதும் அவர்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் அப்படியே. எடை குறைந்து பிறக்கும் குழந்தை, அந்தச் சட்டியின் அடியில் இருந்துதான் தன் வாழ்க்கையைத் தொடங்குகிறது.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மா எனக்கு இரண்டு ரொட்டி தந்துவிட்டு, "எனக்குப் பசியில்ல, மலையில சாப்பிட்டேன்" என்பார். மலையில் என்ன சாப்பிட்டார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்று நாற்பது கிலோவுக்கும் குறைந்த உடம்போடு வீட்டில் இருந்தபோதுதான் கேட்கத் தோன்றியது. அப்போது அவருக்கு நிஜமாகவே பசி இல்லாமல் போயிருந்தது.

செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலாவது, கேள்வியை மாற்ற வேண்டும். குறைத்தீர்களா என்று கேட்பதோடு நிற்காமல், நேற்று வீட்டில் ஒவ்வொருவரும் எதை, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். அதிலும் பெண்ணின் தட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகளில் தங்கள் பெயர் விடுபட்டதாகத் தோட்டங்களில் நிறைய முறைப்பாடுகள் உண்டு. ஒரு வீட்டின் உண்மையான தட்டைத் தெரியாமல் எடுக்கும் பட்டியலில் அப்படித்தான் நடக்கும்.

இரண்டாவது, 2024 மார்ச்சில் எல்லா ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டம் தோட்டப் பாடசாலைகளில் ஒருநாளும் தடைப்படக் கூடாது. அந்த ஒரு வேளைதான் பல பிள்ளைகளுக்கு மரக்கறியும் முட்டையும் கிடைக்கும் வேளை. அதே ஏற்பாட்டைப் பிள்ளை மடுவங்களுக்கும், மலையில் வேலை செய்யும் தாய்மாருக்குமான பகல் சாப்பாடாகவும் கொண்டுவர முடியும். நிறுவைக்கு வரும் இடத்தில் சூடான சாப்பாடு கிடைத்தால், விடியற்காலை அடுப்பிலிருந்தும் அந்தப் பெண்ணுக்கு விடுதலை.

மூன்றாவது, சம்பளத்தைப் பற்றிய பேச்சில் நாட்சம்பளத்தோடு வேலைநாளும் சேர வேண்டும். 1,750 என்று மேடையில் சொல்வது எளிது. மாதத்தில் எத்தனை நாள், எத்தனை கிலோவுக்கு என்று எழுதிக் கொடுக்காதவரை அது தட்டுக்கு வந்து சேராது.

நான்காவது காணி. வீடு கட்டும் நிலத்தோடு, ஒரு பலாவும் முருங்கையும் நிற்கக்கூடிய நிலம்.

புலம்பெயர்ந்த, வடக்கு கிழக்கு உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். பேரிடர் வந்தால் நீங்கள் மலையகத்துக்கு உலர் உணவுப் பொதி அனுப்புகிறீர்கள். டித்வாவுக்குப் பிறகும் வடக்கிலிருந்து வந்த லொறிகளை நான் மாத்தளையில் கண்டேன்; நன்றி. ஆனால் பொதியில் மீண்டும் மாவும் சீனியும்தான் அதிகம் இருந்தன. அடுத்த முறை பயறு, கடலை, நெத்தலி, முட்டை வாங்கக் காசு என்று யோசியுங்கள். எங்கள் தட்டில் எது ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது, எது இல்லை என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த அக்காவின் வீட்டுக்கு மறுபடி போனேன், படிவம் இல்லாமல். "நேத்து என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். காலையில் தேத்தண்ணி. பகலுக்கு ரொட்டி அரை, சம்பல். சாயந்தரம் தேத்தண்ணி. இராத்திரி சோறு, பருப்புத் தண்ணி. எண்ணி முடித்துவிட்டு, விரல்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சந்தான் போல இருக்கு, இல்லையா தம்பி?" என்றார்.

இதற்கு முன் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.